டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்: அரசு மென்பொருள் பற்றிச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு வலைத்தளம் செய்து பிழைப்பவன். ஆத்தங்குடி கல் போடும் பட்டறை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பெரிய வீடு, புதுவயலில் அரிசி ஆலை என்று என் வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான். அவர்களுக்குத் தளம் செய்து கொடுத்தால் கூடவே இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொள்ளும். "தம்பி, கவர்மென்ட் சைட்ல இத ஒண்ணு ஏத்திக் குடுத்துருங்க" என்பார்கள். மறுக்க முடியாது. அதனால் அரசுத் தளங்களை வெளியிலிருந்து நிறையவே பார்த்திருக்கிறேன். நானும் நிரல் எழுதுகிறவன் என்பதால், எது எதனால் உடைகிறது என்பதும் ஓரளவு தெரிகிறது.

கேட்க வந்தது ஒன்றுதான். அரசு தனக்காக எழுதி வாங்கும் ஒவ்வொரு வலைச் செயலியின் மூல நிரலும் (நிரலாளர் எழுதிய அசல் வரிகள்), அதில் சேர்ந்த தரவும், அதை நடத்தத் தேவையான குறிப்புகளும் அரசின் கையில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று காகிதத்தில் கேட்டால் போதாது. அந்த நிரலோடு சம்பந்தமே இல்லாத வேறொரு குழு, குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, வெறும் சர்வர் ஒன்றில் அதை நிறுவி ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கடைசித் தவணை போக வேண்டும். இதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.

கொள்கை இல்லாமல் இல்லை. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை ஒன்றிய அரசு 2010 நவம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. அரசு பயன்படுத்தும் தரநிலையின் முழு விவரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், அதைப் பயன்படுத்த யாரும் உரிமத்தொகை கேட்கக் கூடாது, ஒரு வேலைக்கு முடிந்தவரை ஒரே தரநிலை இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. 2015 மார்ச்சில் திறமூல மென்பொருள், அதாவது மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விட்டிருக்கும் மென்பொருள், பற்றிய கொள்கை வந்தது. டெண்டர் கேட்கும்போதே திறமூல மென்பொருளையும் பரிசீலிக்கச் சொல்ல வேண்டும், அதை விலக்கும் நிறுவனம் ஏன் விலக்கியது என்று காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அது. அதே ஆண்டில் திறந்த ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தரவு பரிமாறும் வழி) கொள்கையும், அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து பலர் சேர்ந்து வளர்ப்பதற்கான கொள்கையும் வந்தன. திறமூலக் கொள்கையை மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது.

ஆக, கொள்கைக்குப் பஞ்சமில்லை. அது டெண்டர் ஆவணத்துக்குள் போய்ச் சேர்வதில்தான் சிக்கல். டெண்டர் எழுதுகிறவருக்கு ஆயிரம் வேலை. பழைய டெண்டரை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "மூல நிரல் துறையிடம் ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி அதில் இருக்கவும் செய்யும். ஒப்பந்தம் முடியும் நாளில் ஒரு டிவிடியோ பென் டிரைவோ பீரோவுக்குள் போகும். அதைப் போட்டுப் பார்த்தவர் யார்?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த விஷயம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் கடை வைத்து வட்டித்தொழில் செய்த காலத்தில், முதலாளி ஊரில் இருப்பார், கடையை மேலாள் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை போகும். மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு, அதாவது மூன்று வருடப் பணிக்காலம். அது முடிந்ததும் அவர் ஊருக்குத் திரும்புவார், அடுத்தவர் கப்பல் ஏறுவார். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) என்று எல்லாக் கடையிலும் கணக்கு ஒரே முறையில் இருந்ததால், புதிதாகப் போனவர் பேரேட்டைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊரில் இருக்கும் முதலாளியும் ஐந்தொகையைப் பார்த்தே கடையின் நிலையைத் தெரிந்துகொள்வார். போன மேலாள் தனக்கு மட்டும் புரிகிற குறியில் கணக்கு எழுதிவிட்டுப் போயிருந்தால், அடுத்த கணக்குக்கும் அவரையே கெஞ்சிக் கூட்டிவர வேண்டியிருக்கும், அவர் கேட்கிற சம்பளத்துக்கு. எந்தச் செட்டியாரும் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். அரசு மட்டும் சம்மதித்துக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டறைக்காரர் ஒருவர் ஓர் அலுவலகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, பணமும் கட்டி, ரசீது எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தார். நடுவில் தளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே ஓடும் படங்கள், சிரிக்கும் குடும்பம், எல்லாம் உண்டு. ரசீது எண்ணை இட்டால் "அப்படி ஓர் எண் இல்லை" என்கிறது. பழைய பயனர் பெயரும் வேலை செய்யவில்லை, புதிதாகப் பதிவு செய்யச் சொல்கிறது. நேரில் போய்க் கேட்டோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர், நிஜமாகவே உதவப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னது: "அது பழைய கம்பெனி சார். அந்த லாகின் எங்ககிட்டயே இல்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மக்கள் கட்டிய பணத்தின் கணக்கு மக்கள் அலுவலகத்திடமே இல்லாமல் போகும்படி ஓர் ஒப்பந்தத்தை எழுத முடிகிறதே, கோபம் அதன்மேல்தான். பழைய இணைப்புகளும் அதே கதைதான். தளம் மாறும்போதெல்லாம் முகவரிகள் மாறி, முந்தைய அரசாணைகள், அறிவிப்புகள், படிவங்கள் எல்லாம் "பக்கம் கிடைக்கவில்லை" ஆகிவிடுகின்றன. பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுவது ஒரு நிரலாளருக்கு அதிகபட்சம் சில நாள் வேலை. டெண்டரில் இல்லாததால் யாரும் செய்வதில்லை.

அடுத்தது உலாவி, அதாவது பிரவுசர். தேவகோட்டைப் பக்கம் சாலை வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. விசைப்பலகைக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறார்: "அப்டேட் பண்ணாதே". டெண்டரில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கென்றே அதை வைத்திருக்கிறார். கையொப்பச் சாவி இருக்கும் யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் கையொப்பம் விழ, ஒரு பழைய உலாவியும் அதற்குள் ஒரு பழைய ஜாவா செருகுநிரலும் (உலாவியோடு ஒட்டவைக்கும் சிறு மென்பொருள்) வேண்டும். எப்போதோ ஒரு நாள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அந்த நாளோடு அந்தக் கணினியை உறையவைத்துவிட்டார். வேறு எதற்கும் அதைத் தொட மாட்டார், பையனையும் தொட விட மாட்டார்.

உலகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. இப்படிப்பட்ட செருகுநிரல்களை குரோம் உலாவி 2015 செப்டம்பரில் கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை அதைச் செய்த மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூன் 15 அன்று மூடிவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் போடாத ஒரு கணினியில்தான் லட்சக்கணக்கான ரூபாய் வேலைக்குக் கையொப்பம் விழுகிறது என்றால், பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த டோக்கனுக்கு என்ன பொருள்?

தென்கொரியா இதில் நமக்கு முன்னாலேயே அடிபட்ட நாடு. 1990களின் கடைசியில், அமெரிக்கா வலுவான மறைகுறியாக்க மென்பொருளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில், கொரியர்கள் சீட் என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே நிறுவனத்தின் ஆக்டிவ்எக்ஸ் நுட்பத்தின் வழியாக உலாவிக்குள் கொண்டுவந்து, இணையத்தில் ஆளை உறுதிசெய்யும் சான்றிதழ் முறையையும் சட்டத்தோடு கட்டிப்போட்டார்கள். விளைவு, நாடே ஒரே உலாவியில் மாட்டிக்கொண்டது. உலகிலேயே வேகமான இணையம் வைத்திருந்தவர்கள், ஒரு புத்தகம் வாங்கக்கூட இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்தை நீக்கும் சட்டத்திருத்தம் 2020 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கு நுட்பம் தெரியாமல் போகவில்லை. ஒரு நிறுவனத்தின் பொருளைத் தரநிலை என்று எடுத்துக்கொண்டதில் வந்த வினை, அவிழ்க்க இருபது வருடம் ஆயிற்று.

நம் நாட்டிலேயே நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. கல்லுக்கட்டியில் காய்கறி விற்கும் ஆச்சியின் தட்டில் ஒட்டியிருக்கும் ஒரே கியூஆர் அட்டையை எந்தச் செயலியாலும் படித்துப் பணம் அனுப்பலாம். 2016-இல் வந்த யுபிஐ திறமூல மென்பொருள் கிடையாது, அதைக் கலந்துவிடக் கூடாது. ஆனால் எல்லா வங்கிக்கும் எல்லாச் செயலிக்கும் பொதுவான ஒரு முறை இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்ததால்தான் அது இத்தனை தூரம் வந்தது.

இனி தமிழ். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வெறும் உருவமாகத்தான் இருந்தது. திரையில் தெரிவது தமிழ், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் எண். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு கஞ்சி தெரியும். ஆளுக்கொரு குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்) வைத்திருந்த அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். டாம், டாப் என்ற குறியாக்கங்களும் அங்கே முடிவாயின. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடு வந்து அவற்றை ஓரம் கட்டியது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரநிலையாக ஏற்று தமிழக அரசு ஆணையிட்டது. உங்கள் துறையின் ஆணைதான் அது.

அத்தனை வருடம் கழித்தும் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகள் கண்ணில் படுகின்றன. அதைவிட அதிகமாகப் பார்ப்பது வேறு ஒன்று. கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு, கொஞ்சம் கோணலாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் என்று ஏற்றிய படம். தேட முடியாது, நகலெடுக்க முடியாது. என் நண்பர் ஒருவர் பார்வையற்றவர், பள்ளி ஆசிரியர். என்விடிஏ என்ற திறமூலத் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு செய்தித்தாள் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாம் தானே பார்த்துக்கொள்வார். சொந்தத் துறையின் மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பை மட்டும் வீட்டில் யாராவது படித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் அது படம். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009 முதல் இருக்கிறது, 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

சரி, யூனிகோடு வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. எங்கள் பக்கத்து ஊர் கோட்டையூர். அதன் முதல் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையை யூனிகோடே வகுத்துக் கொடுத்திருக்கிறது. தரவுத்தளத்துக்குள் போகும் முன் அதைச் செய்ய நிரலில் ஒரு வரி போதும். அந்த வரி இல்லாத செயலியில் ஒருவர் ஏற்றிய கோட்டையூரை இன்னொருவர் தேடினால் கிடைக்காது. "பதிவுகள் இல்லை" என்று வரும். தேடுகிறவர் தன் நிலத்துக்குப் பதிவே இல்லையோ என்று பயந்துபோவார்.

அப்புறம் எங்கள் ஆட்களின் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்துகள். நகரத்தார் பெயருக்கு முன்னால் சித. பழ. ராம. என்று தாத்தா, அப்பா எல்லாம் வரிசையாக வருவார்கள். படிவத்தில் "இனிஷியல்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஓர் எழுத்துதான் விழும். யாரோ ஆங்கிலத்தை மனதில் வைத்து அந்தக் கட்டத்தின் நீளத்தை ஒன்று என்று எழுதியிருக்கிறார். தமிழில் "சி" என்பதே கணினிக்கு இரண்டு குறிகள், ஆகவே அதற்கும் இடம் இல்லை. பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் விழுந்து, அதைச் சரிசெய்ய ஆறு மாதம் அலைகிறவர்களை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இதெல்லாம் பெரிய கொள்கைப் பிரச்சினை இல்லை. நிரல் கண்ணுக்குத் தெரிந்தால் எந்தத் தமிழ் நிரலாளரும் பத்து நிமிடத்தில் சுட்டிக்காட்டிவிடுவார். தெரியாததால் அது அப்படியே கிடக்கிறது.

தரநிலை எழுதும் இடத்தில் நம் ஆட்களும் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் தமிழிலேயே ஒன்று இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல் தமிழுக்கென்று 51 குறிகள் கூடுதலாகச் சேர்ந்தன. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களும், நிலம், தானியம், பணம் சார்ந்த பழைய குறியீடுகளும் அதில் உண்டு. எங்கள் வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கும் கணக்கேடுகளில் வருகிற பின்னங்கள் அவை. அவற்றை இனி யார் வேண்டுமானாலும் தட்டெழுதலாம், தேடலாம். திறந்த முறையில் முன்மொழிந்து, விவாதித்து, ஏற்கவைத்தார்கள். யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை.

இனி வழக்கமாக வரும் மறுப்புகள். நிரலைத் திறந்தால் திருடன் வருவான் என்பார்கள். அரசுத் தளங்கள் பலவும் ஏற்கெனவே லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி, போஸ்ட்கிரெஸ் என்று திறமூலத்தின் மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன. அடித்தளம் முழுக்கத் திறந்து கிடக்க, மேலே பூசிய பூச்சு மட்டும் ரகசியம் என்பதால் என்ன பாதுகாப்பு வந்துவிடும்? கடவுச்சொல்லும் சாவியும் மக்களின் விவரமும் ரகசியமாக இருக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் சாவி ரகசியமாக இருந்தால் போதும் என்று மறையாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். கொரோனாத் தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலை ஒன்றிய அரசு 2020 மே மாதம், அதாவது கொரோனாவின் நடுவில், வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

அதற்காகத் திறந்த நிரலில் ஓட்டையே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2014-இல் ஹார்ட்பிளீட், 2021 டிசம்பரில் லாக்4ஜே என்று உலகையே ஆட்டிய ஓட்டைகள் திறமூலத்தில் வந்தவைதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலில் ஒருவர் திட்டம் போட்டுக் கள்ளவாசல் வைத்ததும் அப்படித்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்த கதையைப் பாருங்கள். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று ஒரு நிரலாளருக்கு உறுத்தியிருக்கிறது. மூலம் திறந்திருந்ததால் தோண்டிக்கொண்டே போய்ப் பிடித்துவிட்டார். மூடிய நிரலாக இருந்தால் அந்த உறுத்தலோடு அவர் நின்றிருப்பார். திறமூலத்துக்கு ஒரு விலை உண்டு, அது பராமரிப்பு. யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு, திருத்தங்களைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திறமூலம் என்றால் செலவே இல்லை என்று உங்களிடம் யாராவது வந்து சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

அலுவலகக் கணினிகளை எல்லாம் விண்டோஸிலிருந்து திறமூல இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றுங்கள் என்றும் கேட்க வரவில்லை. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் அந்த வழியில் 2007 வாக்கிலேயே துணிந்து இறங்கியது. மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் இந்தியாவிலேயே செய்த பாஸ் லினக்ஸும் வந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் அதை அழித்துவிட்டு வேறொன்று போட்டுக் கொடுப்பதே ஒரு தனித் தொழிலாக நடந்தது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்து, 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதாகத் தீர்மானம் போட்டது. மேசைக் கணினியை மாற்றுவது பழக்கத்தோடும் அரசியலோடும் மல்லுக்கட்டும் வேலை. கேரளம் பள்ளிகளில் அதைச் செய்து காட்டியது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தோடு சேர்த்து, வருடக்கணக்கில் பொறுமையாக. அதை விரும்பினால் பிறகு பார்க்கலாம். வலைச் செயலி வேறு. சர்வரில் என்ன ஓடுகிறது என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரியப்போவதே இல்லை, யாரும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே முதலில் இங்கே தொடங்குங்கள் என்கிறேன்.

டெண்டரில் என்ன எழுதலாம் என்று என் அனுபவத்தில் தோன்றியதைச் சொல்கிறேன். நிரல் முதல் நாளிலிருந்தே அரசின் களஞ்சியத்தில் (நிரலைச் சேர்த்து வைக்கும் இடம்) சேர வேண்டும். கடைசி நாளில் மொத்தமாகக் கொடுப்பது என்பது கொடுக்காததற்குச் சமம். வருடத்துக்கு ஒரு முறை முழுத் தரவும், ஒவ்வொரு புலத்துக்கும் விளக்கத்தோடு, யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில் துறைக்கு வர வேண்டும். மக்களுக்குப் போகும் ஆவணம் தேடக்கூடிய யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும். திருத்தக்கூடிய கோப்பு என்றால் ஓடிஎஃப் என்ற திறந்த கோப்பு வடிவம் இருக்கிறது. அது 2006 முதல் பன்னாட்டுத் தரநிலை, பிரிட்டன் அரசு 2014 ஜூலையில் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. எட்டாயிரம் ரூபாய் கைபேசியில், எந்த நடப்பு உலாவியிலும் படிவம் வேலை செய்ய வேண்டும். வலது சொடுக்கையும் ஒட்டுவதையும் தடுக்கும் அந்த விநோதப் பழக்கத்தை யாராவது தடை செய்தால் புண்ணியமாகப் போகும். எதைப் பாதுகாக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வங்கிக் கணக்கு எண்ணை நகலெடுத்து ஒட்ட முடியாமல் கையால் அடித்து, ஓர் இலக்கம் தவறி, பணம் திரும்பிப்போய் நிற்கிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் பல் முளைக்க வேண்டுமானால் நான் முதலில் சொன்ன சோதனை வேண்டும். அதைச் செய்ய ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. இங்கேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆசிரியர் ஒருவரும் இறுதியாண்டு மாணவர்கள் சிலரும், கையில் குறிப்பேட்டோடு, இரண்டு வாரத்தில் ஒரு செயலியை வெறும் சர்வரில் எழுப்ப முடிகிறதா என்று பார்க்கட்டும். தரவுக்குப் பதில் பொய்த் தரவு போதும். முடிந்தால் கடைசித் தவணையைக் கொடுங்கள். முடியவில்லையென்றால் எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று நிறுவனத்திடம் காட்டுங்கள். மொத்தத் தொகையில் பத்து சதவீதம் இதில் மாட்டியிருந்தால் போதும், குறிப்புகள் தானாகத் தெளிவாகிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆண்டு வர்த்தகம் இத்தனை கோடி இருந்தால்தான் டெண்டர் போடலாம் என்ற நிபந்தனையால் எங்களைப் போன்ற சிறிய ஆட்கள் வாசலைக்கூட மிதிக்க முடிவதில்லை. முழுச் செயலியையும் எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, அந்தத் தகுதி எங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நிரல் திறந்திருந்தால், அதன் பராமரிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கோட்டையூர் தேடலில் வராத குறையைக் கோட்டையூர்க்காரனே சரி செய்யலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் திருத்தத்தைப் பார்த்து, ஏற்று, சேர்ப்பதற்குத் துறையில் பெயர் சொல்லி ஒருவர் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் நிரலைத் திறந்தும் பயனில்லை. வருகிற திருத்தங்கள் வாசலிலேயே காத்துக் கிடக்கும்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. வரி, குடிநீர், பிறப்பு இறப்பு என்று இத்தனை அமைப்புகளின் பதிவுகளும் ஒன்றாகச் சேர்ந்தாக வேண்டிய நேரம் இது. ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது சேர்க்கும்போதுதான் தெரியும். மேலே சொன்னவற்றை முதலில் ஓரிடத்தில் செய்து பார்க்க வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் துறை அடுத்து வெளியிடப்போகும் வலைச் செயலி டெண்டரின் வரைவை, ஏலத்துக்கு விடும் முன் ஒரு மாதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். ஒப்படைப்புச் சோதனையும் அதற்குரிய தவணையும் அதில் தனிப் பத்தியாக இருக்கட்டும். கருத்து அனுப்ப மின்னஞ்சல் முகவரி ஒன்று கொடுங்கள். நானும் அனுப்புவேன், இங்கே இருக்கும் என் போன்ற இன்னும் சிலரும் அனுப்புவார்கள். அந்த வரைவை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றாமல் இருந்தால், என் ஆசிரியர் நண்பரும் படித்துவிட்டுத் தன் கருத்தைத் தானே எழுதி அனுப்புவார்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு வலை நிரலாளர்